வாடிய மீன்தொட்டிச் செடிகளைக் கத்தரித்துத் தேற்றுவது எப்படி?

மஞ்சளாகப் பழுத்த இலையும் ஓட்டை விழுந்த இலையும் மறுபடி பழைய நிலைக்கு வருவதில்லை. மீன்தொட்டிச் செடிகளைத் தேற்ற முனைபவர் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டிய செய்தி இதுதான். குறையைச் சரியாகக் கண்டறிந்து, வேண்டிய உரத்தை வேண்டிய அளவில் போட்ட பிறகும் பழுதுபட்ட இலை பழுதுபட்டதாகவே இருக்கும். செடி தேறுகிறதா என்பதை அதன் பின் விரியும் இரண்டு மூன்று இலைகள்தாம் காட்டும். இது தெரியாமல் பழைய இலைகளையே தினமும் உற்றுப் பார்த்து, இன்னும் குணமாகவில்லையே என்று இந்த வாரம் உரத்தையும் அடுத்த வாரம் விளக்கையும் அதற்கடுத்த வாரம் மண்ணையும் மாற்றி, பிழைத்திருக்க வேண்டிய செடியைக் கொன்றவர்களில் நானும் ஒருவன்.

கீழே சொல்லும் அளவுகள் யாவும் 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரம் கொண்ட, வீடுகளில் பரவலாகக் காணப்படும் இரண்டடித் தொட்டிக்கு உரியவை. மூன்றையும் பெருக்கி 1,000 ஆல் வகுத்தால் 64.8 லிட்டர் வரும். மண், கல், மேலே விடும் இடைவெளி ஆகியவை போக உண்மையில் அதில் நிற்கும் தண்ணீர் ஏறத்தாழ 50 லிட்டர்தான். உரக் கணக்குக்கு இந்த 50தான் வேண்டும். உங்கள் தொட்டி பெரிதாகவோ சிறிதாகவோ இருந்தால் அதே விகிதத்தில் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

கத்தரியை எடுக்குமுன்

முதலில் அது நீரில் வாழும் செடிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் லக்கி பாம்பூ என்னும் டிரசீனா, மாண்டோ புல், சின்கோனியம் போன்ற தரைச் செடிகள் வேரோடு தொட்டிக்குள் முழுகவைத்து விற்கப்படுவது உண்டு. இவை ஓரிரு மாதங்கள் பச்சையாகவே நின்று, பிறகு அடியிலிருந்து அழுகும். இவற்றுக்கு எந்த உரமும் பலன் தராது. வேர் மட்டும் நீரில் இருக்க, இலைகள் வெளியே இருக்குமாறு தொட்டியின் விளிம்புக்கு மாற்றினால் லக்கி பாம்பூவும் சின்கோனியமும் நன்றாகவே வாழும். நான் வாங்கிய முதல் "நீர்ச்செடி" இப்படிப்பட்டதுதான். நான்கு மாதம் அதற்கு உரம் போட்டிருக்கிறேன்.

இரண்டாவதாக, செடி எப்போது வந்தது என்று பாருங்கள். வணிக நாற்றங்கால்களில் பெரும்பாலான நீர்ச்செடிகள் வேர்ப்பகுதி ஈரத்திலும் இலைகள் காற்றிலுமாக வளர்க்கப்படுகின்றன. அவ்வாறு விளைந்த இலைகள் தடித்தும் விறைத்தும் இருக்கும். காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துப் பழகியவை அவை. கார்பன் டை ஆக்சைடு காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும் என்பதால், அந்த இலைகளால் நீருக்குள் பிழைக்க இயலாது. செடி அவற்றைக் கைவிட்டு, மெல்லிய, நீருக்கேற்ற புது இலைகளை விடும். ஆகவே, வாங்கி மூன்று நான்கு வாரத்துக்குள் கீழ் இலைகள் கண்ணாடிபோல் ஒளிகசிந்து கரைந்துபோனால் அதை நோயாகக் கருதத் தேவையில்லை. கரையும் இலைகளை மட்டும் அவ்வப்போது அகற்றிவிட்டு, நுனியில் குருத்து பச்சையாக இருக்கிறதா என்று கவனித்தால் போதும்.

கிரிப்டோகோரைன் வளர்ப்பவர்களுக்கு இந்தக் கரைதல் நன்கு பழகியதுதான். கடைகளில் அதிகம் கிடைக்கும் கிரிப்டோகோரைன் வெண்ட்டி இலங்கைக்கே உரிய செடி. தண்ணீர் மாறினாலோ, வெப்பம் மாறினாலோ, இடம் பெயர்த்து நட்டாலோ ஒரே வாரத்தில் இலைகள் அனைத்தும் கூழாகிவிடும்; ஆனால் மண்ணுக்குள் இருக்கும் தண்டும் வேரும் உயிரோடு இருக்கும். செத்துவிட்டது என்று பிடுங்கிப் போடுவதுதான் இந்தச் செடிக்கு நாம் செய்யும் மிகப்பெரிய தீங்கு. கூழான இலைகளை உறிஞ்சி எடுத்துவிட்டு, வேரைத் தொடாமல் விட்டால், மூன்று முதல் ஆறு வாரத்தில் பழுப்பு நிறத்தில் ஊசிபோன்ற குருத்து மண்ணை விட்டு எட்டிப் பார்க்கும்.

எந்த இலை வாடுகிறது?

மேற்சொன்ன இரண்டும் காரணமில்லை என்றால், வாட்டம் பழைய இலையில் தொடங்குகிறதா, புதிய இலையில் தொடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றைச் செடியால் ஓர் இலையிலிருந்து உருவி இன்னோர் இலைக்கு அனுப்ப முடியும். இவற்றில் ஒன்று குறைந்தால், குருத்தைக் காப்பதற்காகச் செடி அடியிலைகளைச் சூறையாடும். எனவே அடையாளம் அடியிலைகளில் தெரியும். இரும்பு, கால்சியம், போரான் ஆகியவை ஒருமுறை ஓர் இலையில் சேர்ந்தால் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். அவை குறைந்தால் பழைய இலைகள் நன்றாக இருக்கக் குருத்து மட்டும் கெடும்.

அடியிலை ஒரே சீராக வெளிறிப் பழுத்து உதிர்ந்தால் நைட்ரஜன் குறைவு. அடியிலையில் முதலில் குண்டூசி குத்தியதுபோல் புள்ளி விழுந்து, அதைச் சுற்றி மஞ்சள் வளையம் தோன்றி, நாளடைவில் ஓட்டையாக விரிந்தால் பொட்டாசியம் குறைவு. ஹைக்ரோஃபிலாவும் ஜாவா ஃபெர்னும் இதை முந்திக் காட்டும். அடியிலையின் நரம்புகள் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் மக்னீசியம் குறைவு. இதே நரம்புப் பச்சை, குருத்திலையில் தோன்றினால் இரும்புக் குறைவு. குருத்து சுருண்டும் கோணலாகவும் குட்டையாகவும் வந்தால் கால்சியத்தை ஐயப்பட வேண்டும்; ஆர்ஓ தண்ணீரை மட்டுமே ஊற்றுபவர்களிடம் இது சகஜம். பாஸ்பரஸ் குறைவைச் செடியைவிடக் கண்ணாடி விரைவாகச் சொல்லும்: வட்ட வட்டமாக, சுரண்டினாலும் போகாத கடினமான பச்சைப் புள்ளிப் பாசி கண்ணாடியிலும் அனுபியாஸ் இலைகளிலும் படியும்.

ஓட்டை விழுந்த இலையைக் கண்டவுடன் நத்தையின் மீது பழி போடுவது வழக்கம். தொட்டிகளில் தானாகப் பெருகும் சிறு நத்தைகள் பெரும்பாலும் அழுகத் தொடங்கிய இலையைத்தான் தின்னும். அவை ஓர் இலையில் மொய்த்தால், அந்த இலை ஏற்கெனவே செத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

வேரையும் ஒருமுறை பார்த்துவிடலாம், கிரிப்டோகோரைன் நீங்கலாக. ஆரோக்கியமான வேர் வெண்மையாகவும் உறுதியாகவும் இருக்கும். விரலால் இழுத்தால் மேல்தோல் உரிந்து நூல்போல் நடுநரம்பு மட்டும் நிற்கும் பழுப்பு வேர் இறந்துபோன வேர். மண்ணைக் கிளறும்போது அழுகிய முட்டை நாற்றத்துடன் குமிழிகள் வந்தால் அடிமண்ணுக்குக் காற்றோட்டம் இல்லை என்று அறிந்து, மெல்லிய குச்சியால் வாரம் ஒரு பகுதியாகக் குத்திவிட வேண்டும். ஒரே நாளில் முழுவதையும் கிளறினால் மீன்களுக்கு ஆபத்து.

கருவிகளும் முன்னேற்பாடும்

கூர்மையான கத்தரி ஒன்று, நீளமான ட்வீசர் ஒன்று, சிறிய மீன்வலை ஒன்று, ஒரு வாளி. இவ்வளவே போதும். வளைந்த முனைகொண்ட விலையுயர்ந்த கத்தரிகள் அழகாக இருக்கும், மருந்துக்கடைக் கத்தரியும் அதே வேலையைச் செய்யும். மழுங்கிய கத்தரியை மட்டும் தவிர்க்க வேண்டும். அது தண்டை நறுக்காமல் நசுக்கும், நசுங்கிய தண்டு கணு வரை அழுகும். விளக்கை அணைத்துவிட்டு, வடிகட்டியை நிறுத்தி, தண்ணீரைப் பாதியளவு இறக்கிக்கொண்டால் கை முழங்கை வரை நனையாது, வெட்டிய துண்டுகளும் வடிகட்டிக்குள் போய் அடைக்காது.

எவ்வளவு வெட்டலாம் என்பதில் எனக்கு ஒரே விதிதான் உண்டு: நலிந்த தொட்டியில் ஒரே நாளில் மொத்த இலைப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அகற்றுவதில்லை. இலைகள்தாம் தண்ணீரிலிருந்து அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உறிஞ்சுபவை. அவற்றை ஒரேயடியாகக் குறைத்தால், மிஞ்சும் உணவையும் வெளிச்சத்தையும் பாசி எடுத்துக்கொள்ளும். முதலில் கூழானவை, பிறகு பாதிக்குமேல் பழுத்தவை, கடைசியாகப் பாசி மூடியவை என்று வரிசைப்படுத்திக்கொண்டு, பங்கு தீர்ந்ததும் நிறுத்திவிட்டு, எஞ்சியதை ஒரு வாரம் கழித்துத் தொடருங்கள். அரைகுறையாகப் பழுத்த இலை இன்னமும் செடிக்குச் சோறு போடுகிறது என்பதை மறக்க வேண்டாம்.

தண்டுச் செடிகள்

ரொட்டாலா, லுட்விஜியா, ஹைக்ரோஃபிலா, பக்கோபா ஆகியவை இந்த வகை. பக்கோபா என்று கடையில் விற்கப்படுவனவற்றுள் ஒன்று நம் வயல்வரப்புகளில் படரும் நீர்ப்பிரமியே.

இவற்றின் நுனிமொட்டு ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருளைச் சுரந்து கீழிறக்கி, கணுக்களில் இருக்கும் பக்கமொட்டுகளை உறங்க வைக்கிறது. நுனியை நறுக்கினால் அந்தத் தடை நீங்கி, வெட்டுக்குக் கீழுள்ள கணுவிலிருந்து பெரும்பாலும் இரண்டு பக்கக் கிளைகள் துளிர்க்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் புதராவது இவ்வாறுதான். வெட்டு எப்போதும் ஒரு கணுவுக்குச் சற்று மேலே, அரை சென்டிமீட்டர் விட்டு விழ வேண்டும். இரண்டு கணுக்களுக்கு நடுவே வெட்டினால், கணுவுக்கு மேல் நீண்டு நிற்கும் துண்டு அழுகி, அந்த அழுகல் கீழிறங்கக்கூடும்.

இந்த முறை நன்றாக இருக்கும் தண்டுக்கு உரியது. நலிந்த தண்டுச் செடியின் நிலை வேறு. மேலே பத்து சென்டிமீட்டர் பச்சையாக இருக்க, கீழே இலையுதிர்ந்து கறுத்த குச்சி மட்டும் நிற்கும். வெளிச்சம் அடிவரை இறங்காததே இதற்குப் பெரும்பாலும் காரணம். இந்தக் குச்சியிலிருந்து துளிர் வரும் என்று காத்திருப்பது வீண். ஒரு ரொட்டாலாத் தண்டைக் கையில் எடுத்துக்கொள்வோம். நுனியிலிருந்து கீழாக எண்ணிக்கொண்டே வந்து, இலை முழுமையாகவும் தண்டு விறைப்பாகவும் இருக்கும் கடைசிக் கணுவைக் கண்டுபிடித்து, அதற்குக் கீழே வெட்டுங்கள். கிடைத்த துண்டு 10 முதல் 15 செ.மீ. இருந்தால் நல்லது, ஏழெட்டு சென்டிமீட்டர் இருந்தாலும் பிழைக்கும். அடியில் இரண்டு கணுக்களின் இலைகளை மட்டும் நீக்குங்கள். இலையைக் கீழ்நோக்கி இழுத்தால் தண்டின் தோலும் உரியும் என்பதால், மேல்நோக்கித் தள்ளியோ கத்தரியாலோ எடுக்க வேண்டும். பிறகு ட்வீசரால் தண்டின் அடியைப் பிடித்து, மண்ணில் சாய்வாக நுழைத்து, ட்வீசரை லேசாகத் தளர்த்தி ஆட்டியபடியே வெளியே இழுங்கள். நேராகக் குத்தி நேராக இழுத்தால் தண்டும் கூடவே வந்துவிடும். புதிதாக நடுபவர்கள் எல்லோரும் அரைமணி நேரம் இதனோடு போராடியிருப்பார்கள். தண்டுக்குத் தண்டு இரண்டு விரற்கடை இடைவெளி விட்டால்தான் வெளிச்சம் அடிவரை செல்லும். கொத்தாகக் கட்டி ஒரே குழியில் நட்டால் நடுவில் இருப்பவை முதலில் அழுகும்.

வெட்டிய துண்டில் ஒரு வாரத்துக்குள் கணுக்களிலிருந்து வெள்ளை வேர் தெரியும். பழைய அடிக்குச்சியை வேரோடு பிடுங்கிவிடலாம். நன்றாக வளரும் தொட்டியிலும் ஒரே தண்டை மூன்று நான்கு முறை வெட்டிய பின் அடிப்பகுதி மரத்துப்போகும். அப்போதும் இதே போல் நுனிகளை எடுத்து மறுநடவு செய்வதே சரி.

கொத்துச் செடிகள்

அமேசான் ஸ்வோர்ட், கிரிப்டோகோரைன், வாலிஸ்னேரியா ஆகியவற்றுக்குத் தண்டு வெளியே தெரியாது. நடுவில் குருத்து, வெளிச்சுற்றில் மூத்த இலைகள் என்றிருக்கும். வெளிச்சுற்று இலைகளைக் காம்போடு, அடியை ஒட்டி வெட்ட வேண்டும். இலையின் பாதியில் வெட்டினால் எஞ்சிய பாதி பழுத்து அழுகும், அதற்கும் செடி சத்தைச் செலவிடும். வாலிஸ்னேரியா மட்டும் நீண்டு மேற்பரப்பை மூடும்போது நுனியை நறுக்க நேரிடும். நறுக்கிய ஓரம் பழுப்பாகும் என்பதால், மிக நீண்ட இலைகளை முழுதாக எடுத்துவிடுவதே பார்வைக்கு நல்லது.

நடுவதில் ஒரு கவனம் வேண்டும். வேரும் இலையும் சந்திக்கும் கழுத்துப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். கழுத்து புதைந்தால் நடுக்குருத்து அழுகும். இவை பெரும்பாலும் வேரால் உண்பவை. தண்ணீரில் ஊற்றும் உரத்தை மட்டும் நம்பாமல், வேரிலிருந்து ஐந்தாறு சென்டிமீட்டர் தள்ளி, மண்ணின் அடிவரை ரூட் டேப் என்னும் உரமாத்திரையைச் செலுத்திவிட்டு, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம்.

கிழங்கிலிருந்து முளைக்கும் அப்போனோஜிட்டான் இனங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இவற்றுள் பல, சில மாதங்கள் தழைத்துவிட்டு இலைகளைத் துறந்து உறங்கும். நம் கிராமத்துக் குளங்களில் வளரும் கொட்டிக்கிழங்கும் இதே குடும்பம்தான். கோடையில் காணாமற்போய் மழைக்குப் பின் தலைகாட்டும். கிழங்கை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் அப்படியே விட்டுவைக்கலாம், மெத்தென்று அமுங்கி நாறினால் மட்டுமே எறிய வேண்டும்.

கிடைத்தண்டுச் செடிகள்

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், பூஸஃபலாண்ட்ரா ஆகியவற்றின் தடித்த தண்டு கிடைவாக்கில் ஓடும். இது மண்ணுக்குள் புதையவே கூடாது. இந்தச் செடிகள் சாவதற்கு மிகப்பெரும் காரணம் இதுதான். தொட்டியில் நிற்காமல் மிதக்கிறதே என்று மண்ணில் நட்டுவிடுகிறார்கள். இலைகள் ஒவ்வொன்றாகக் காம்போடு கழன்று மிதக்கத் தொடங்கினால், செடியை வெளியே எடுத்துக் கிடைத்தண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியான இடம் பிழைத்த இடம், வழவழவென்று அமுங்கும் இடம் அழுகல். அழுகலை மட்டும் நீக்கினால் போதாது. வெட்டுமுகம் பச்சையாகவோ வெண்மையாகவோ தெரியும் வரை, பழுப்பு வளையம் சிறிதும் இல்லாதபடி, நல்ல பகுதியையும் சற்றுச் சேர்த்து வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் கத்தரியைக் கொதிநீரில் முக்குவது நல்லது. மிஞ்சிய துண்டைக் கல்லிலோ கட்டையிலோ பருத்தி நூலால் கட்டலாம், ஒரு துளி சூப்பர் க்ளூ வைத்தும் ஒட்டலாம். ஆரோக்கியமான செடியைப் பிரிக்கும்போது துண்டுக்கு மூன்று நான்கு இலைகளாவது இருக்கட்டும்.

ஜாவா ஃபெர்ன் இலையின் அடிப்புறத்தில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள் தோன்றினால் அவை வித்துக்கூடுகள். நோய் என்று வெட்டிவிட வேண்டாம். மூத்த இலையின் நுனியில் குட்டிச் செடிகளும் முளைக்கும். அந்த இலை பார்க்க அலங்கோலமாக இருந்தாலும், குட்டிகள் இரண்டு சென்டிமீட்டர் வளர்ந்து வேர்விடும் வரை பொறுத்திருங்கள்.

அழுகல் முற்றி ஒரே ஓர் அங்குலத் தண்டு மட்டும் மிஞ்சினால் தொட்டிக்குள் திருப்பி வைக்காதீர்கள். மூடியுள்ள தெளிவான பிளாஸ்டிக் டப்பாவில் ஈரமான பஞ்சையோ ஜாவா மாஸ் போன்ற பாசிச் செடியையோ பரப்பி, அதன்மேல் துண்டை வைத்து, நேர்வெயில் படாத சன்னலோரத்தில் விட்டு, நாளுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து காற்று விடுங்கள். காற்றில் கார்பன் டை ஆக்சைடுக்குப் பஞ்சமில்லை, இலையில் பாசியும் படியாது. அனுபியாஸ் இவ்வாறு ஒன்றரை இரண்டு மாதத்தில் இலை விட்டதை நான் கண்டிருக்கிறேன்.

பாசிச் செடிகளையும் தரைவிரிப்புச் செடிகளையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அடுக்கு தடித்தால் அடிப்பகுதிக்கு வெளிச்சம் போகாமல் அழுகி, முழு விரிப்பும் பெயர்ந்து மிதக்கும். இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு முடி வெட்டுவதுபோல் வெட்டி, மிதப்பதை வலையால் அள்ளிவிடுங்கள்.

வெட்டிய அன்றும் அந்த வாரமும்

வெட்டுப்பட்ட செடிகள் தம் சாற்றைத் தண்ணீரில் கசியவிடும். அது பாசிக்கு நல்ல தீனி. அன்றே பாதித் தண்ணீரை மாற்றிவிடுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஹைப்போ என்று கடைகளில் கிடைக்கும் சோடியம் தயோசல்ஃபேட்டை உறையில் சொன்ன அளவில் முதலில் கலந்துகொள்ள வேண்டும். விளக்கை எட்டு மணி நேரம் எரிப்பவர்கள் இரண்டு வாரத்துக்கு ஆறு மணி நேரமாகக் குறைக்கலாம். நலிந்த செடிக்கு அதிக வெளிச்சம் கொடுத்தால் தேறும் என்னும் நம்பிக்கை தவறு: வெளிச்சம் கூடினால் கார்பன் டை ஆக்சைடின் தேவையும் உரத்தின் தேவையும் கூடும், ஈடுகொடுக்க முடியாத செடி மேலும் நலியும்.

உரத்துக்கு வருவோம். மீன்தொட்டிக்கென்று விற்கும் திரவ உரம் வசதியானது. ஆனால் உரக்கடையில் கிடைக்கும், நீரில் முழுதும் கரையும் வகை மிகவும் மலிவு. கணக்கு மட்டும் தெரிய வேண்டும். 0-0-50 என்று எண் போட்டது பொட்டாசியம் சல்ஃபேட். அந்த 50 பொட்டாசியத்தின் ஆக்சைடைக் குறிப்பது, 0.83 ஆல் பெருக்கினால் உண்மையான பொட்டாசியம் 41.5 சதவீதம். ஆக, 1 கிராமை 50 லிட்டரில் கரைத்தால் 8.3 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 8.3 மில்லிகிராம், பொட்டாசியம் ஏறும். 13-0-45 என்பது பொட்டாசியம் நைட்ரேட்; அதன் 1 கிராம் அதே தொட்டியில் சுமார் 11.5 பிபிஎம் நைட்ரேட்டையும் 7.5 பிபிஎம் பொட்டாசியத்தையும் தரும். மக்னீசியத்துக்கு எப்சம் உப்பு 1 கிராம் போட்டால் ஏறத்தாழ 2 பிபிஎம். நைட்ரேட் 10 முதல் 20, பொட்டாசியமும் அதே அளவு, பாஸ்பேட் 1 முதல் 2 பிபிஎம் என்று வைத்துக்கொண்டு, வாரந்தோறும் பாதித் தண்ணீரை மாற்றினால் எதுவும் அளவுக்கு மீறிச் சேராது. மீன்கள் நிறைய இருக்கும் தொட்டியில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மீனுணவிலிருந்தே வந்துவிடும், பொட்டாசியம்தான் தட்டுப்படும். 19-19-19 உரத்தைத் தயவுசெய்து தொடாதீர்கள். அதில் அம்மோனிய வடிவிலும் யூரியா வடிவிலும் நைட்ரஜன் இருக்கிறது, மீன்கள் செத்துவிடும்.

இரும்பு சற்றுச் சிக்கலானது. கடினநீரில் சாதாரண இரும்பு உப்பு உடனே துருவாகப் படிந்துவிடும். இரும்பைப் படியவிடாமல் பற்றிவைக்கும் பிடிப்பான் (செலேட்) சேர்த்த இரும்பு வேண்டும். அதிலும் மலிவான இடிடிஏ வகை காரகாடி அளவு (pH) 6.5ஐத் தாண்டினால் வலுவிழக்கும், டிடிபிஏ வகை ஏறத்தாழ 7.5 வரை தாங்கும். சென்னை ஆழ்துளைக் கிணற்று நீருக்கு டிடிபிஏதான் பொருத்தம். என் வீட்டு நீரின் டிடிஎஸ், அதாவது கரைந்த உப்புகளின் மொத்த அளவு, 1,100. மூன்று பங்கு ஆர்ஓ தண்ணீருக்கு ஒரு பங்கு இதைக் கலந்து 300 அளவில் வைத்த பிறகுதான் ரொட்டாலாவின் நுனி நிமிர்ந்தது. உப்புப் போட்டு மென்மையாக்கும் இயந்திரத்தின் தண்ணீர் மட்டும் வேண்டாம். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். கலவைக்கெல்லாம் நேரமில்லை என்பவர்கள் கடினநீரில் மகிழ்ந்து வளரும் வாலிஸ்னேரியாவோடும் நீர்ப்பிரமியோடும் நிறுத்திக்கொள்ளலாம்.

கோடை

பெரும்பாலான நீர்ச்செடிகள் 22 முதல் 28 பாகை செல்சியஸ் வரை நிம்மதியாக இருக்கும். மே மாதத்தில் மாடி வீட்டுத் தொட்டி 32ஐத் தொடும். வெப்பம் ஏற ஏறச் செடி சுவாசத்துக்குச் செலவிடும் சர்க்கரை கூடிக்கொண்டே போக, தயாரிக்கும் சர்க்கரை அந்த வேகத்தில் கூடுவதில்லை. தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் 25 பாகையில் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராமாக இருப்பது 32 பாகையில் 7.3 ஆகக் குறைகிறது. கோடையில் பெரிய கத்தரிப்பையும் மண்மாற்றத்தையும் தவிர்ப்பது இதனால்தான். அழுகியதை எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்து, சிறிய மேசை விசிறியை நீர்ப்பரப்பின் மீது சாய்வாக வீசவிட்டால் இரண்டு மூன்று பாகை இறங்கும். ஆனால் தண்ணீர் மட்டும் ஆவியாகி உப்பு தங்கிவிடும் என்பதால், குறைந்ததை ஈடுசெய்ய ஆர்ஓ தண்ணீரையே ஊற்ற வேண்டும். பனிக்கட்டி போடுவது வேண்டாம். ஒரு மணி நேரத்தில் நான்கு பாகை இறங்கி மறுபடி ஏறுவதைக் கிரிப்டோகோரைன் தாங்காது.

பாசி மூடிய இலைகள்

அனுபியாஸின் ஓரத்தில் கறுப்பு மயிர்போல் குத்தாக வளர்வது, தோற்றத்துக்கு மாறாக, சிவப்புப் பாசி இனத்தைச் சேர்ந்தது. சாகும்போது சிவந்து தன் இனத்தைக் காட்டிக்கொடுக்கும். இலையில் பாதிக்குமேல் மூடியிருந்தால் வெட்டிவிடுங்கள். குறைவாக இருந்தால் செடியைக் கல்லோடு வெளியே எடுத்து, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தூரிகையால் பாசியின் மீது மட்டும் தடவி, இரண்டு நிமிடம் விட்டு, நன்றாகக் கழுவித் திருப்பி வையுங்கள். மருந்துக்கடையில் பெரும்பாலும் 6 சதவீதக் கரைசல்தான் கிடைக்கும் என்பதால் சம அளவு தண்ணீர் கலந்துகொள்ள வேண்டும். ஜாவா மாஸுக்கும் வாலிஸ்னேரியாவுக்கும் இந்த மருத்துவம் ஆகாது. கார்பன் டை ஆக்சைடு நாளுக்கு நாள் ஏறி இறங்கும் தொட்டியில் இந்தப் பாசி திரும்பத் திரும்ப வரும். சிலிண்டர் வைத்திருப்பவர்கள் விளக்கு எரிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே வாயுவைத் திறந்துவிட்டு, நீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடை நிறத்தால் காட்டும் அளவுகாட்டிக் குப்பியின் நிறம் பச்சையில், அதாவது 30 பிபிஎம் அருகில், நிற்கிறதா என்று பாருங்கள். நீலம் என்றால் போதவில்லை. மஞ்சள் என்றால் மீனுக்கு ஆபத்து.

மூன்று வாரக் காத்திருப்பு

வெட்டிய அன்று ஒரு புகைப்படம் எடுத்து, பிறகு வாரம் ஒருமுறை, அதே இடத்திலிருந்து, அதே வெளிச்சத்தில் எடுங்கள். ஒவ்வொரு செடியிலும் அன்று இருந்த கடைசிக் குருத்தை நினைவில் வைத்துக்கொண்டு, அதற்குப் பின் வந்த இலைகளை மட்டும் மதிப்பிடுங்கள். தண்டுச் செடியில் பத்து நாளிலேயே விடை தெரியும், கொத்துச் செடிக்கு மூன்று வாரம், அனுபியாஸுக்கு ஒரு மாதத்துக்கு மேலாகலாம். இந்தக் காலத்தில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்யுங்கள். பொட்டாசியம் போட்டிருந்தால் விளக்கைத் தொடாதீர்கள். புது இலைகள் முழுமையாக வந்தால், விட்டுவைத்த பழுத்த இலைகளை இரண்டாம் தவணையில் எடுத்துவிடலாம். புது இலையிலும் அதே அடையாளம் வந்தால், காரணத்தை மறுபடி அடியிலை, குருத்திலை என்று பிரித்துப் பார்க்கத் தொடங்க வேண்டும்.

வெட்டிய துண்டுகள் வாளி நிறையச் சேரும். அவற்றை ஏரியிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள், கழிவறையில் கொட்டித் தண்ணீரும் விடாதீர்கள். நம் ஏரிகளை மூடிக்கிடக்கும் வெங்காயத்தாமரை தென்னமெரிக்காவிலிருந்து வந்த அலங்காரச் செடி. 2020இல் கோழிக்கோடு அருகே ஆவளப்பாண்டி வாய்க்காலில் இளஞ்சிவப்பாகப் பூத்துக் கூட்டம் கூட்டமாக ஆட்களை வரவழைத்த கபோம்பாவும் அதே கண்டத்துச் செடிதான்; மீன்தொட்டிகளில் இதன் உறவுகளைப் பார்க்கலாம். ஒரு கணு பிழைத்தாலும் இவை பெருகும். மொட்டைமாடியில் பழைய செய்தித்தாளில் பரப்பி, நொறுங்கும் வரை நான்கைந்து நாள் காயவைத்து, பூந்தொட்டி மண்ணில் கலந்துவிடுங்கள். என் மாடியில் கறிவேப்பிலைச் செடி ஒன்று இரண்டு ஆண்டாக இதைத் தின்றுதான் வளர்கிறது.